‘இல்லை’ சொல்லாத கடை

ராயபுரத்தில் நான் வேலை பார்த்த அறையில் காலையில் முதல் வேலை கீபோர்டைத் துடைப்பது. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்த காலம் அது. ஜன்னலை எவ்வளவு இறுக்கி மூடினாலும் கரித்தூள் எப்படியோ உள்ளே வந்து எழுத்துகளுக்கு நடுவே உட்கார்ந்துவிடும். வியாசர்பாடியில் எங்கள் குடியிருப்பில் என் கைக்குட்டையைப் பார்த்துவிட்டு, “உங்க கம்பெனில கம்ப்யூட்டர் வேலையா, லேத்து வேலையா?” என்று கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை.

கம்பெனி என்று சொல்வதும் கொஞ்சம் அதிகம்தான். கீழே அண்ணாச்சியின் கடை. கப்பல்களுக்கு வேண்டிய கயிறு, பெயிண்ட், தார்ப்பாய், கையுறை, எண்ணெய் துடைக்கிற பனியன் வேஸ்ட் என்று எல்லாம் மொத்தமாகக் கிடைக்கும். ஊரெல்லாம் வெப்சைட் என்று பேச ஆரம்பித்ததும் அண்ணாச்சி மாடியறையில் இரண்டு கம்ப்யூட்டர்களை வாங்கிப் போட்டு, ஒன்றின் முன்னால் என்னை உட்கார வைத்தார். பக்கத்துத் தெரு கிளியரிங் ஏஜெண்டுகளுக்கு நாலு பக்க வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் அண்ணாச்சிக்குத் தன் கடையையே வெப்சைட்டில் ஏற்ற வேண்டும் என்ற ஆசை வந்தது. கப்பல் ஏஜென்சிக்காரர்கள் அவரவர் ஆபீசிலிருந்தே சரக்கு இருப்பைப் பார்த்து ஆர்டர் போட வேண்டும். அதற்கு விஜயதசமி அன்று திறப்பு விழா என்று நாளும் குறித்துவிட்டார். வேலையை நான் தொடங்கக்கூட இல்லை.

அண்ணாச்சிக்குத் தூத்துக்குடிப் பக்கம். அவர் கடையில் ‘இல்லை’ என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. சரக்கு தீர்ந்துபோனால் ‘நெறஞ்சிருக்கு’ என்பார்கள். ராத்திரி கடையை அடைப்பது கிடையாது, எடுத்து வைப்பார்கள். சாமி விளக்கை அணைப்பது கிடையாது, குளிர வைப்பார்கள். வந்தவர் கேட்ட பொருள் கடையில் இல்லாவிட்டால், “வந்துக்கிட்டு இருக்கு, செத்த உக்காருங்க” என்று ஸ்டூலைக் காட்டிவிட்டு, பின்பக்கமாக ஆளை அனுப்பி அடுத்த தெருவிலிருந்து வாங்கி வந்து கொடுப்பார்கள். அங்கேயும் கிடைக்காவிட்டால், “நாளைக்கு வாங்க, வந்துரும்.”

எனக்கு இது ஆரம்பத்திலிருந்தே ஒத்துவரவில்லை. நான் வளர்ந்த இடத்தில் தண்ணி லாரி வராது என்றால் வராது என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவார்கள். நாமும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் ஓடலாம். வரும் வரும் என்று சொல்லி உட்கார வைப்பதுதான் கொடுமை. கம்ப்யூட்டர் வேலை எனக்குப் பிடித்ததற்கும் பாதிக் காரணம் இதுதான். தப்பு செய்தால் அது தப்பு என்று சொல்லிவிடும். எந்த வரியில் தப்பு என்றும் சொல்லும். மனசு நோகுமே என்று மென்று விழுங்காது.

கடை வெப்சைட்டுக்கு நான் ஒருத்தி போதாது என்று இன்னோர் ஆளை எடுத்தார்கள். கல்லூரி முடித்த பையன் யாராவது வருவான் என்று பார்த்தால், நாற்பது தாண்டிய ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் படியேறி வந்தார். இன் பண்ணிய சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, கையில் சாப்பாட்டு கேரியர். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில், பாகங்களைச் சேர்த்து மாட்டும் அசெம்பிளி செக்சனில், இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவர். தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள். இரண்டு வருஷம் வேலை இல்லாமல் இருந்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து, தன் பிள்ளை வயசுப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து டாட் நெட் படித்திருக்கிறார். மனைவி எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தார். வீடு அந்த அம்மாவின் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சைட்டு தொறக்குற வரைக்கும் இருங்க தம்பி. நல்லபடியா தொறந்துட்டா நிரந்தரமா வச்சுக்கிடுதேன்” என்றார். தம்பி என்றாலும் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசுதான். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லோரும் தம்பி.

மேலே வந்ததும் புதியவர் என்னை “மேடம்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அப்பிடிலாம் கூப்புடாதீங்கண்ணா. நானு வியாசர்பாடி.”

“அப்பிடியாம்மா?” என்று அவர் முகம் மாறியது. அதுவரை கட்டிக் காத்துவந்த ஆபீஸ் தமிழைக் கீழே இறக்கி வைத்தார். “நல்லதாப் போச்சி. காலைலேர்ந்து பேஜாரா கீது, நாக்கு சுளுக்கிக்கிச்சி.”

அன்றைக்கே சாப்பிடும்போது தன் நிலைமையையும் சொல்லிவிட்டார். இந்த வேலை நிலைக்காவிட்டால் மணலிப் பக்கம் ஏதாவது கம்பெனியில் வாட்ச்மேனாகப் போக வேண்டியதுதான். “கேட்டாண்ட குந்திகினு வர்ற வண்டி போற வண்டிய எண்ணிகினு இருக்கணும். தப்பான வேலன்னு சொல்லல. நானு ஒரு கேட்டாண்ட குந்துனது போதும்மா. அதுக்கோசரந்தான் இத படிச்சேன்.” பூட்டிய தொழிற்சாலையின் வாசலைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அவர் வேலை செய்யும் விதம் எனக்குப் புதுசு. கை கழுவிவிட்டுத்தான் கீபோர்டைத் தொடுவார். யோசிக்க வேண்டுமென்றால் எழுந்து நின்றுகொள்வார். வேகம் மட்டும் சுத்தமாகக் கிடையாது. நான் காலையில் முடிப்பதை அவர் மறுநாள் மதியம் முடிப்பார். ஆனால் சொன்னால் சொன்னபடி செய்வார். தொழிற்சாலையில் சுவரில் எழுதிப் போட்ட விதிக்குக் கட்டுப்பட்டே பழகியவர். விதி என்றால் அவருக்கு விதிதான், அதில் கூடக் குறைய எல்லாம் கிடையாது.

அதுதான் வினையாகப் போயிற்று. வந்த மறுநாளே அண்ணாச்சி அவரைக் கூப்பிட்டு, “தம்பி, நம்ம சைட்டுல எந்த எடத்துலயும் இல்லைங்கிற வார்த்தை வரப்பிடாது. கிடைக்கல, முடியல, இதுவும் வரப்பிடாது. வர்றவங்க மனசு சுளிக்கப்பிடாது” என்று சொல்லியிருக்கிறார். இருப்பு தீர்ந்த பொருளை மனதில் வைத்துத்தான் அண்ணாச்சி சொன்னார். இவர் அதைத் தளம் முழுக்கப் பொருத்திவிட்டார். எந்தப் பக்கத்தில் எந்தப் பிழை வந்தாலும் அதைப் பிடித்து அமுக்கிவிட்டு, அதற்குப் பதிலாக, ‘தாங்கள் தேடும் சரக்கு வந்துகொண்டிருக்கிறது. சற்றே பொறுத்தருள்க’ என்று காட்டும்படி எழுதினார். பக்கத்துக்குப் பக்கம் எழுதியதோடு விடவில்லை. எதுவும் தப்பித்துவிடக் கூடாது என்று, எல்லாப் பிழையும் கடந்து போகிற தளத்தின் வாசலிலும் அதையே ஒருமுறை எழுதி வைத்தார். பொறுத்தருள்க என்ற சொல் அவருடையது. கோயில் போர்டில் பார்த்தது என்றார்.

எங்கள் இரண்டு கம்ப்யூட்டரிலும் எல்லாம் ஜோராக ஓடியது. கயிற்றைத் தொட்டால் கயிறு, பெயிண்டைத் தொட்டால் பெயிண்ட், கட்டம் கட்டமாக அழகாக வந்தது. பிழையே வராததால் அவருடைய அந்த வரியை நான் பார்க்கவே இல்லை. விஜயதசமிக்கு முந்தின வாரம் எல்லாவற்றையும் வெளியூர் சர்வரில் ஏற்றினோம். அண்ணாச்சி மாடிக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார். முகப்புப் பக்கம் பிள்ளையார் படத்தோடு நன்றாக வந்தது. கயிற்றைத் தொட்டார். சரக்கு வந்துகொண்டிருக்கிறது. பெயிண்டைத் தொட்டார். வந்துகொண்டிருக்கிறது. தார்ப்பாய், கையுறை, பனியன் வேஸ்ட், எதைத் தொட்டாலும் பொறுத்தருள்க.

அண்ணாச்சி ஸ்டூலை விட்டு எழுந்து ஓடினார். படியில் நின்றபடியே கீழே குரல் கொடுத்தார். “ஏல, கயிறெல்லாம் எங்கல போச்சி?”

அடுத்த அரை நாள் நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் கோடவுனுக்குள் போய் உருட்டி உருட்டி எண்ணினார்கள். கயிறு கூரை வரைக்கும் இருந்தது. அண்ணாச்சி தூசியும் வியர்வையுமாக மேலே வந்து, “இருக்கு தாயி. நானே கண்ணால பாத்துட்டு வாரேன். எல்லாம் இருக்கு” என்றார். கம்ப்யூட்டர் சொல்வதை நம்பி, கண்ணெதிரே கிடக்கிற கயிற்றைச் சந்தேகப்பட்ட ஒரே வியாபாரி அவராகத்தான் இருப்பார்.

நானும் அதே வழியில்தான் ஏமாந்தேன். சரக்கு தீர்ந்துவிட்டது என்று தளம் சொல்கிறது, அப்படியானால் டேட்டாபேஸில்தான் கோளாறு என்று அதையே கிளறிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பெயரை மாற்றிப் பார்த்தேன், இணைப்பை மாற்றிப் பார்த்தேன். மின்சாரம் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு முறையும் திரும்ப ஏற்றி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். நாளும் ஓடிக்கொண்டிருந்தது. திருவொற்றியூர்க்காரர் எனக்குப் பின்னாலேயே நின்றார். உட்காருங்க என்றாலும் உட்கார மாட்டார்.

ஒரு மத்தியானம், சும்மா எழுத்துப் பிழை பார்க்கலாம் என்று அவருடைய பக்கம் ஒன்றைத் திறந்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. பிழை வந்தால், எந்தப் பிழையாக இருந்தாலும், சரக்கு வந்துகொண்டிருக்கிறது. எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

“இன்னாண்ணா பண்ணி வச்சிகீறீங்க? மிஷின் வாயத் தொறந்து எனுக்கு இன்னா ஆச்சின்னு கத்திகினு கீது. நீங்க அது வாயப் பொத்திட்டு, ஒண்ணியும் இல்ல, வந்துகினு கீதுன்னு பாட்டு பாடிகினு கீறீங்க.”

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அந்த நிற்பு எனக்குத் தெரியும். எங்கள் குடியிருப்பில் எத்தனையோ ஆண்கள் மேஸ்திரி முன்னால் அப்படித்தான் நிற்பார்கள். அப்படி நின்றவரைப் பார்த்த பிறகு குரலை இறக்கிக்கொண்டேன்.

“அண்ணாச்சி சொன்னாரும்மா” என்றார். “இல்லன்னு வரக் கூடாதுன்னு.”

“சரி, வாங்க. எடுப்போம்.”

இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த வரிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். வாசலில் இருந்ததையும் எடுத்தோம். பிழை வந்தால் வெளியில் இருந்து பார்ப்பவருக்கும் காட்டு என்று செட்டிங்கில் ஒரு மாற்றம் செய்து, திரும்ப ஏற்றி, கயிற்றைத் தொட்டேன். மஞ்சள் பட்டையும் சிவப்பு எழுத்துமாகத் திரை நிறையப் பிழை வந்து நின்றது. டாட் நெட் வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் பக்கத்தைத் தெரியும், யாருக்கும் பார்க்கப் பிடிக்காது. எனக்கோ அன்றைக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பிழை இதுதான். ஒரு வெப்சைட்டில் நாமாக எழுதுவது கொஞ்சம். மற்றவர்கள் எழுதிவைத்த துணைக் கோப்புகளை வாங்கி மீதியை ஓட்டுவோம். அந்தக் கோப்புக்கு அசெம்பிளி என்று பெயர். சரக்குப் பட்டியலைக் கட்டம் கட்டமாகக் காட்ட நாங்களும் அப்படி ஒன்றை வாங்கியிருந்தோம். எங்கள் இரண்டு கம்ப்யூட்டரிலும் அதை முறையாக நிறுவியிருந்ததால், கேட்டபோதெல்லாம் வந்து வேலை செய்தது. சர்வரில் ஏற்றியபோது நாங்கள் எழுதியது மட்டும் போயிற்று, அது போகவில்லை. அதனால்தான் அது தேவைப்படாத முகப்புப் பக்கம் மட்டும் நன்றாக வந்தது.

அவர் அந்த ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிக் கடைசி வரைக்கும் வாசித்தார். இந்தக் கோப்பையோ, அது நம்பியிருக்கும் வேறு ஒன்றையோ ஏற்ற முடியவில்லை. குறிப்பிட்ட கோப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அசெம்பிளின்னா நம்ம செக்சனாச்சே” என்றார். அத்தனை பதற்றத்திலும் இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்தக் கோப்பைத் தளத்தோடு சேர்த்து அனுப்பும்படி ப்ராஜெக்டில் மாற்றினேன். ஏற்றினோம். மறுபடி மஞ்சள் பக்கம். ஆனால் இப்போது வேறு பெயர். முதல் கோப்பு போய்ச் சேர்ந்துவிட்டது, அது நம்பியிருந்த இன்னொன்று போகவில்லை. அதையும் தேடிப் பிடித்து அனுப்பினோம். மூன்றாவது பிழை கொஞ்சம் படுத்தியது. கோப்பு இருக்கிறது, ஆனால் நான் எதிர்பார்த்த பதிப்பு இது இல்லை என்றது. என் கம்ப்யூட்டரில் புதுப் பதிப்பும் அவருடையதில் பழையதும் இருந்திருக்கின்றன. ஒருவர் செய்த பக்கத்துக்கு இன்னொருவரின் கோப்பை அனுப்பிவிட்டோம். அதையும் ஒரே பதிப்பாக்கி, ப்ராஜெக்டில் அந்தக் கோப்பைச் சுட்டும் பழைய குறிப்பை நீக்கிப் புதிதாகச் சேர்த்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டினோம். கேட்கிறதைக் கேட்டுக் கேட்டுக் கொடுப்பதுதான் வேலை. பிழை உண்மையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டால் பாதி வழி வந்தாயிற்று.

நடுவில், சிவப்பு எழுத்துத் திரையில் இருக்கும்போது, அண்ணாச்சி வந்துவிட்டார். ஷிப்பிங் ஆட்களோடு பழகியவர், ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்பதற்கான ஆங்கிலம் அவருக்கு நன்றாகவே தெரியும். தோளில் கிடந்த துண்டை எடுத்து மானிட்டர் மேல் போட்டு மூடினார்.

“வெள்ளிக்கெழம அதுவுமா இது என்ன தாயி? பழையத எடுத்துப் போடு. அதுதான் பாக்க நல்லாருந்திச்சி.”

“அது பொய் அண்ணாச்சி.”

“பொய் இல்ல தாயி, மரியாத” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே எனக்குப் புரிய வைக்கப் பார்த்தார். வாசல் ஏறி வந்தவரைக் கையை விரித்து அனுப்பக் கூடாது என்பது அவருக்குக் கடை தொடங்கிய நாளிலிருந்து ரத்தத்தில் ஊறியது. எனக்கு அவர் மேல் வந்த எரிச்சல் அப்படியே நின்றுபோயிற்று. ஆனாலும் துண்டை எடுத்துவிட்டேன். துண்டுக்குக் கீழே வேலை பார்க்க முடியாதே.

விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் கயிற்றைத் தொட்டால் கயிறு வந்தது. ஏஜென்சிக்காரர்கள் வந்து பார்த்து, பன்னீர் சோடா குடித்து, லட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். இருப்பு தீர்ந்த பொருளுக்கு மட்டும் அவருடைய பொறுத்தருள்கவை அப்படியே விட்டிருந்தேன், அண்ணாச்சி மனசுக்காக. திருவொற்றியூர்க்காரர் புதுச் சட்டையில் வந்திருந்தார். வாசலிலிருந்து தன் மனைவிக்குப் போன் செய்து, “தொறந்துட்டோம். ஆமா, ஓடுது” என்று சொன்னார். தொழிற்சாலையில் புது மெஷினை ஓட்டிப் பார்த்த நாளிலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

ஆனால் வெப்சைட் ஓடியதே தவிர, ஆர்டர் அதில் வரவில்லை. கப்பல்காரர்கள் வழக்கம்போலக் கடைக்குப் போன்தான் செய்தார்கள். பேரம் பேசாமல் கயிறு வாங்க யாருக்கு மனசு வரும்? மாடியில் வேலை சுருங்கிவிட்டது. நான் ஒருத்தியே பாதி நாள் சும்மா உட்கார வேண்டியிருந்தது. அவருக்கு நிரந்தரம் என்ற பேச்சை அண்ணாச்சி எடுக்கவே இல்லை. தீவாளி கழியட்டும் என்றார். தீவாளி கழிந்தது. கார்த்திகை பார்ப்பம் என்றார். திருவொற்றியூர்க்காரர் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டு, கேரியரோடு, தினமும் வந்து, கரித்தூளைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். துடைத்த கீபோர்டையே மறுபடி துடைப்பார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. அண்ணாச்சியிடம் போய் நானே கேட்டுவிடுவேன் என்றதற்கு, “வாணாம்மா, உன் வேலைக்கு வேட்டு வச்சிக்காத” என்றுவிட்டார்.

ஒரு நாள் காலையில் அவர் படியேறாமல் நேரே கல்லாவுக்கு முன்னால் போய் நின்றார். நான் அப்போதுதான் வந்து படியில் கால் வைத்திருந்தேன்.

“அண்ணாச்சி, ஒரு வார்த்த கேக்கணும்.”

“கேளுங்க தம்பி.”

“எனுக்கு இங்க வேல கீதா, இல்லியா?”

கடையில் கயிறு அளந்துகொண்டிருந்த ஆட்கள் கையை நிறுத்தினார்கள். அந்தச் சொல்லைக் கல்லாவுக்கு முன்னால் நின்று யாரும் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. அண்ணாச்சி பார்வையை எங்கெங்கோ திருப்பினார்.

“வேல வந்துக்கிட்டு இருக்கு தம்பி. பெரிய எடத்துல ரெண்டு மூணு பேரு கேட்டிருக்காவ. வந்ததும் நானே சொல்லி அனுப்புதேன்.”

“அது நானு எழுதன வரி அண்ணாச்சி” என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. “அதுக்குப் பின்னால இன்னா கீதுன்னு எனுக்குத் தெரியும்.”

அண்ணாச்சி கல்லாப் பெட்டியைத் திறந்து மூடினார்.

“ஃபேக்டரி கேட்டாண்டயும் இதான் சொன்னாங்க. அடுத்த வாரம் தொறப்பாங்க, அடுத்த மாசம் தொறப்பாங்கன்னு. நானும் ரெண்டு வருசம் வேற எங்கியும் போவாம குந்திகினு இருந்தேன். தொறக்க மாட்டாங்கன்னு ஒரு ஆளு சொல்லியிருந்தா அன்னிக்கே வேற பொழப்பப் பாத்துகினு போயிருப்பேன். நீங்க நல்ல மனுசன். அதுக்கோசரந்தான் கேக்குறேன். இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. நானு ஒண்ணியும் நெனைக்க மாட்டேன்.”

அண்ணாச்சி எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு கடையை விட்டு இறங்கி, டிரெய்லர் ஒன்று போகக் காத்திருந்து, தெருவைக் கடந்து எதிர்ச் சுவரோரம் போய் நின்றார். அங்கிருந்து கையசைத்து அவரைக் கூப்பிட்டார். கடைக்குள் அந்தச் சொல்லை அவரால் சொல்ல முடியாது, அதனால்தான் தெருவுக்குப் போனார் என்று எனக்குச் சட்டென்று புரிந்தது. வண்டிச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அண்ணாச்சி ஏதோ சொன்னதும் அவர் தலையாட்டியதும் மட்டும் தெரிந்தது. அண்ணாச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார். கடைசியில் இவர்தான் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு வந்தார்.

மாடிக்கு வந்து கேரியரை எடுத்தார்.

“இல்லன்னுட்டாரும்மா” என்றார். முகத்தில் வருத்தம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஆள் நிமிர்ந்துதான் நின்றார். “மணலில ஒரு கன்டெய்னர் யார்டுல கம்ப்யூட்டர் ரூமுக்கு ஆளு கேட்டாங்களாம், போன வாரமே சொன்னாங்க. இங்க பதிலு தெரியாம எப்பிடிப் போறதுன்னு இருந்தேன். இப்ப போனா மத்தியானத்துக்குள்ள பாத்துடலாம்.” வாசல்வரை போய்த் திரும்பினார். “அவுங்க உனுக்குப் போன் பண்ணிக் கேட்டா, எனுக்குத் தெரிஞ்சத சொல்லும்மா. தெரியாததையும் சொல்லிடு.”

அவர் சைக்கிள் முனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, நான் உட்கார்ந்து அழுதேன். ஆத்திரத்தில் அழுதேனா, வருத்தத்தில் அழுதேனா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அந்த வாரமே மணலியிலிருந்து போன் வந்தது. ஆள் எப்படி என்று கேட்டார்கள். நான் சொன்னேன். மெதுவாகத்தான் செய்வார், அவசரத்துக்கு ஆகாது. டேட்டாபேஸ் அரைகுறை. ஆனால் சொன்னதைச் செய்யாமல் விட மாட்டார். சொல்கிறவர்கள்தான் சரியாகச் சொல்ல வேண்டும். பிழை எது என்று தெரிந்துவிட்டால் அதைச் சரிசெய்யும்வரை எழுந்து போக மாட்டார். எதிர்ப்பக்கத்தில் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். நான்தான் கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன். பிறகு, திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்கிறோம், அவருக்கு நாங்களே தகவல் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள்.

கீழே ஓடினேன். அண்ணாச்சி கல்லாவில் தனியாக உட்கார்ந்திருந்தார். அந்தக் காலையிலிருந்து அவர் மாடிப் பக்கம் வரவே இல்லை, என்னை நிமிர்ந்து பார்ப்பதையும் தவிர்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கல்லாவிலிருந்த சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்தார். காதில் விழவில்லையோ என்று நினைத்தேன்.

“இன்னொரு தடவ சொல்லு தாயி” என்றார்.

“அவருக்கு வேலை கெடைச்சிருச்சி அண்ணாச்சி” என்றேன்.